39 விநாடிகள்: லீல் நகரின் முதல் நாளை ஸ்பிரிண்ட் கட்டம் என்று சொல்லலாமா?

பின்சக்கரம் எழுதியது:

2025 டூர் டி பிரான்ஸ் என்ற மூன்று வாரச் சைக்கிள் பந்தயம் முடிந்து, போகச்சார் நான்காவது முறையாக அதை வென்று, மொத்த நேரத்தில் முதலிடத்தைக் காட்டும் மஞ்சள் சட்டையோடு பாரிஸ் வந்து சேர்ந்து, எல்லோரும் மலைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் முதல் நாளுக்குத் திரும்பிப் போகிறேன். ஜூலை 5 அன்று லீல் நகரில் புறப்பட்டு லீல் நகரிலேயே முடிந்த 184.9 கிலோமீட்டர் கட்டத்தை (ஒரு நாள் ஓட்டத்தை) நேற்று முழுவதுமாக மறுபடி பார்த்தேன். ஏறுவதற்கு எளிதான நான்காம் தர மேடுகள் மூன்று இருந்தன. மற்றபடி தட்டையான வடக்குப் பிரான்ஸ். வழிகாட்டிப் புத்தகத்தின் கணக்குப்படி இது தூய ஸ்பிரிண்ட் கட்டம்; கூட்டமாக வந்து கடைசிச் சில நூறு மீட்டரில் பாய்ந்து வெல்லும் ஸ்பிரிண்டர்களுக்கான நாள். மெர்லியரா, மிலானா, பிலிப்சனா என்றுதான் முதல் நாள் இரவு வரை பேசிக்கொண்டிருந்தோம்.

முடிவில் ஸ்பிரிண்டர்தான் வென்றார். அல்பெசின் அணியின் யாஸ்பர் பிலிப்சன் முதலிடம், எரித்திரிய வீரர் பினியம் கிர்மாய் இரண்டாமிடம், நார்வேயின் சோரன் வேரன்ஷோல்ட் மூன்றாமிடம். பிலிப்சனுக்கு டூரில் அது பத்தாவது கட்ட வெற்றி; மஞ்சள் சட்டை வாழ்வில் முதல் முறை. ஆனால் மெர்லியரும் மிலானும் அந்த ஸ்பிரிண்டில் கலந்துகொள்ளவே இல்லை. எல்லைக்கோட்டுக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் இருக்கும்போது போகச்சாரின் முக்கியப் போட்டியாளர் விங்கேகோரின் விஸ்மா அணி பக்கக்காற்றைப் பயன்படுத்திக் கூட்டத்தை இரண்டாகக் கிழித்தது. 184 பேர் புறப்பட்ட பந்தயத்தில் ஏறக்குறைய நாற்பது பேர்தான் முன்குழுவில் எஞ்சினார்கள். மொத்த நேரப் பட்டியலில் முன்னிடம் தேடி வந்த எவனபூல், ரோக்லிச், அல்மெய்தா, லிபோவிட்ஸ் எல்லோரும் பின்குழுவில் சிக்கி 39 விநாடிகளை இழந்தார்கள்.

என் கேள்வி எளியது. முடிவு 17 கிலோமீட்டருக்கு முன்பே பாதி எழுதப்பட்டுவிட்ட ஒரு நாளை ஸ்பிரிண்ட் கட்டம் என்று அழைக்கலாமா? அழைக்கக்கூடாது என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் வரலாம்.

காற்றாடி எழுதியது:

மறுக்கிறேன், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் பக்கத்திலிருந்து அல்ல. அந்த நாளுக்கு நீங்கள் கொடுக்கும் முக்கியத்துவத்தைத்தான் மறுக்கிறேன். காற்று ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் வீசியது. அந்த நிமிடத்தில் யார் முன்னால் இருந்தார்களோ அவர்கள் தப்பினார்கள். அதே நிமிடத்தில் விங்கேகோரின் சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தால், இன்று நாம் அவரைக் கவனக்குறைவானவர் என்று திட்டிக்கொண்டிருப்போம். இதைத் திறமை என்று சொல்லிப் பூசி மெழுகுவது, நடந்து முடிந்த பிறகு காரணம் கண்டுபிடிக்கும் வேலை.

அந்த 39 விநாடிகள் என்ன ஆயின என்று பாருங்கள். பின்குழுவில் சிக்கிய லிபோவிட்ஸ் பாரிஸில் மூன்றாவதாக மேடை ஏறினார். அவருக்கும் போகச்சாருக்கும் இடையே 11 நிமிட இடைவெளி. விங்கேகோர் இவ்வளவு பாடுபட்டும் போகச்சாரிடமிருந்து அன்று ஒரு விநாடிகூடப் பெறவில்லை, ஏனென்றால் போகச்சாரும் அதே முன்குழுவில்தான் இருந்தார். கடைசியில் அவர்களுக்கிடையே 4 நிமிடம் 24 விநாடி. முதல் நாள் காற்றை முழுவதுமாக அழித்துவிட்டாலும் மேடையில் நின்ற மூவர் மாறப்போவதில்லை.

தாழ்கைப்பிடி எழுதியது:

காற்றாடி நண்பருக்கு ஒரே பெயரைப் பதிலாகச் சொல்கிறேன்: மலையேறி நைரோ கின்டானா. 2015-இல், இதே ஜூலை 5 அன்று, நெதர்லாந்தின் சீலாந்துக் கடற்கரையில் முடிந்த இரண்டாம் கட்டம். அதுவும் தட்டை, அதுவும் ஸ்பிரிண்டர்களுக்கென்று எழுதிவைத்த நாள். வென்றவரும் கிரைப்பல் என்ற ஸ்பிரிண்டர்தான். மழையும் காற்றும் சேர்ந்து கூட்டத்தை உடைத்தபோது ஃபுரூம் முன்னால் இருந்தார், கின்டானா பின்னால். இழப்பு 1 நிமிடம் 28 விநாடி. மூன்று வாரம் கழித்து அல்ப் துவேஸ் மலையில் ஃபுரூமைத் தவிக்கவிட்டு ஏறிய கின்டானா, மொத்தக் கணக்கில் டூரை அவரிடம் இழந்தது 1 நிமிடம் 12 விநாடியில். மலையில் வென்றவர் கடற்கரையில் தோற்றார். லீல் நாளின் 39 விநாடிகள் இந்த ஆண்டு செல்லாக் காசாகிவிட்டன என்பது உண்மைதான். ஆனால் அந்த 17 கிலோமீட்டரில் சைக்கிள் ஓட்டிய எவருக்கும் அது செல்லாக் காசாகும் என்று தெரிந்திருக்க வழியில்லை.

அடுத்து, காற்று எல்லோருக்கும் ஒரே மாதிரி வீசுகிறது என்ற எண்ணம் தவறு. எதிர்காற்றில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ளலாம். காற்று இடப்பக்கத்திலிருந்து சாய்ந்து வந்தால், முன்னவருக்கு நேர் பின்னால் ஒதுங்கிப் பயனில்லை. அவருக்குச் சற்று வலப்பக்கமாகப் பின்வாங்கி ஓட்டினால்தான் அவர் உடல் நமக்கு மறைப்பாகும். மூன்றாமவர் இன்னும் வலம், நான்காமவர் இன்னும் வலம். மேலிருந்து பார்த்தால் சாலையின் குறுக்கே விரிந்த விசிறி. டச்சுக்காரர்கள் இந்த வரிசைக்கு வைத்திருக்கும் பெயரே விசிறி என்று பொருள்படுவதுதான். சாலையின் அகலம் எவ்வளவோ அவ்வளவு பேருக்குத்தான் விசிறியில் இடம். பதினைந்து, மிஞ்சினால் இருபது பேர். இருபத்தோராவது ஆளுக்கு மறைப்பே இல்லை. அவர் சாலையின் விளிம்பில், வெள்ளைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் மண்ணில் சக்கரம் இறங்கிவிடாமல், முழுக் காற்றையும் தன் மார்பில் வாங்கிக்கொண்டு, முன்னவரின் பின்சக்கரத்தை விட்டுவிடாமல் தொங்கவேண்டும். எத்தனை நிமிடம் தொங்க முடியும்? யாரோ ஒருவர் கைவிடுகிறார், ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விழுகிறது, அவருக்குப் பின்னால் இருக்கும் நூறு பேரும் அவரோடு சேர்ந்து கழன்றுவிடுகிறார்கள். அந்த நூறில் தொண்ணூறு பேர் களைப்பே அடைந்திருக்கமாட்டார்கள் என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

விசிறி அமைக்கும் அணி இதைத் தற்செயலாகச் செய்வதில்லை. சாலை எந்த இடத்தில் திரும்புகிறது, திரும்பிய பிறகு மரங்களோ வீடுகளோ மறைக்காத வயல்வெளி எத்தனை கிலோமீட்டர் நீள்கிறது என்று காலையிலேயே குறித்துவைத்து, திருப்பத்துக்கு முன்பே எட்டுப் பேரையும் முன்வரிசைக்குக் கொண்டுவருகிறார்கள். திருப்பம் முடிந்த கணத்தில் வேகம். விஸ்மாவுக்கு அன்று ஸ்பிரிண்ட் வெற்றியே குறிக்கோள் இல்லை. அவர்கள் எடுத்துப்போக வந்தது நேரத்தை. போகச்சாரும் விழித்திருந்ததால் மீன் சிக்கவில்லை, அவ்வளவுதான். வலை சரியாகத்தான் விரிக்கப்பட்டது.

இதில் எனக்குப் புரியாத ஒன்றும் உண்டு. சூடால் குயிக்-ஸ்டெப் என்ற பெல்ஜிய அணி இந்த விசிறிக் கலையில் பல ஆண்டுகளாகப் பேர்பெற்றது. மற்றவர்கள் அவர்களைப் பார்த்துத்தான் பயந்தார்கள். அதே அணியின் எவனபூலும் மெர்லியரும் இருவருமே அன்று பின்குழுவில். ஒருவருக்கு மொத்தக் கணக்கு, மற்றவருக்கு ஸ்பிரிண்ட் என்று இரண்டு குறிக்கோளோடு எட்டுப் பேரைப் பங்கிட்டால் இரண்டும் கைநழுவும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

புதுச்சங்கிலி எழுதியது:

நான் இந்த விளையாட்டைச் சென்ற ஆண்டிலிருந்துதான் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். ஸ்பிரிண்டர்களுக்கு டூரில் ஐந்தாறு வாய்ப்புகள் கிடைக்கின்றனவே, முதல் கட்டத்துக்கு மட்டும் ஏன் இத்தனை பரபரப்பு?

பின்சக்கரம் எழுதியது:

நல்ல கேள்வி, புதுச்சங்கிலி. முதல் நாள் எல்லோருடைய நேரமும் பூஜ்யம். கட்டத்தை வெல்பவரே மொத்தப் பட்டியலிலும் முதலாவதாக நிற்பார். ஆகவே மஞ்சள் சட்டை அவர் தோளில். இரண்டாம் வாரத்தில் அதே வீரர் அதே வேகத்தில் வென்றாலும் மலைகளில் மணிக்கணக்கில் பின்தங்கியிருப்பார், மஞ்சள் சட்டையைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. எண்பது கிலோ எடையுள்ள ஒரு ஸ்பிரிண்டர் மஞ்சள் சட்டை அணிவதற்கு ஏறக்குறைய ஒரே வாசல் இதுதான்.

அந்த வாசலும் எல்லா ஆண்டும் திறப்பதில்லை. 1967-இல் குறுந்தொலைவுத் தனியோட்டம் ஒன்றைத் தொடக்கத்தில் புகுத்தினார்கள்; அதன் பிறகு நாற்பது ஆண்டு காலம் முதல் மஞ்சள் சட்டை பெரும்பாலும் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுபவர்களுக்கே போனது. 2008-இல்தான் அது இல்லாமல் நேராகச் சாலைக் கட்டத்தோடு தொடங்கினார்கள். 2013 முதல் 2025 வரையிலான பதின்மூன்று டூர்களில் தொடக்கக் கட்டம் கூட்டு ஸ்பிரிண்டில் முடிந்து மஞ்சள் சட்டை கொடுத்தது ஏழு முறை: பாஸ்தியாவிலும் ஹாரோகேட்டிலும் கிட்டல், யூட்டா கடற்கரையில் கேவண்டிஷ், ஃபோன்தனே-ல-கோன்தில் கவிரியா, பிரஸ்ஸல்ஸில் டோனிசன், நீஸில் கிறிஸ்டோஃப், லீலில் பிலிப்சன்.

இந்தப் பட்டியலில் கேவண்டிஷைக் கவனியுங்கள். பின்னாளில் 35 கட்டங்களை வென்று மெர்க்ஸின் சாதனையையே முறியடித்த மனிதர், முதன்முதலாக மஞ்சள் சட்டை அணிந்தது 2016-இல்தான். அதற்கு முன் 26 கட்டங்களை வென்றிருந்தும் அது கிடைக்கவில்லை. 2014-இல் தன் தாயாரின் ஊரான ஹாரோகேட்டில் அந்தச் சட்டைக்காகக் கடைசி முந்நூறு மீட்டரில் இல்லாத இடைவெளியில் தலையை நுழைத்து, கெரன்ஸ் என்ற வீரரையும் வீழ்த்தித் தானும் விழுந்து, தோள்பட்டை பெயர்ந்து இரண்டாம் நாள் புறப்படாமலே விலகினார். அவ்வளவு அனுபவசாலியை அவ்வளவு அவசரப்பட வைத்தது எது என்று கேட்டால், உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

நடுப்பற்சக்கரம் எழுதியது:

நீங்கள் எல்லோரும் அழகாக விவரிக்கும் இந்தப் பரபரப்பின் விலையை யாரும் எழுதவில்லையே. லீல் நாளில் ஐம்பது கிலோமீட்டர் போவதற்குள் ஃபிலிப்போ கன்னா விழுந்து, சிறிது நேரம் போராடிவிட்டு விலகினார். ஸ்டெஃபான் பிசெகரும் அன்றே விலகினார். கசல் குன்றின் கல் பாவிய சாலையில், நான்காம் தர மேட்டின் ஒற்றைப் புள்ளிக்காக, பென்ஜமென் தோமாவும் மத்தேயோ வெர்ஷேயும் முட்டி மோதி உச்சிக்கோட்டருகே இருவருமே கல்லில் புரண்டார்கள். மலையேற்றப் புள்ளிகளில் முதல்வருக்கான புள்ளிச்சட்டை தோமாவுக்குக் கிடைத்தது, வெர்ஷேக்குச் சிராய்ப்பு கிடைத்தது. பிலிப்சனின் கதை இரண்டே நாளில் முடிந்தது. மூன்றாம் கட்டத்தில் இஸ்பெர்க் என்ற ஊரில், வழியில் புள்ளிகளுக்காக நடக்கும் இடைப்பட்ட ஸ்பிரிண்டில், கொக்கார் என்ற வீரர் இன்னொருவர்மீது உரசி நிலைதடுமாறிப் பிலிப்சன்மீது சாய, அந்தப் புள்ளிகளில் முதல்வருக்கான பச்சைச் சட்டையிலிருந்த பிலிப்சன் கழுத்தெலும்பு முறிந்து டூரை விட்டுப் போனார்.

கூட்டத்தில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். முன்னவரின் பின்சக்கரத்தில் நம் முன்சக்கரம் ஒரு விரல்கடை உரசினால் போதும். முன்னவர் எதையும் உணரமாட்டார், விழுவது நாம்தான். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் எனக்கு அது நேர்ந்தபோது, விழப்போகிறேன் என்று நினைப்பதற்குள் முழங்கை தரையில் இருந்தது. இவர்கள் அதே நெருக்கத்தில் அறுபதுக்கு மேல் போகிறார்கள். இதில் ஸ்பிரிண்ட் அடிக்கவே வராத மலையேறிகளும் அவர்களைக் காக்கும் உதவி வீரர்களும் முன்வரிசையில் இடம் பிடிக்க முண்டுகிறார்கள். தட்டைக் கட்டங்களில் மொத்தக் கணக்கு நேரத்தை எல்லைக்கோட்டுக்குப் பத்து கிலோமீட்டர் முன்பே எடுத்துவிட்டால், கடைசிப் பகுதியை ஸ்பிரிண்டர்களிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம் அல்லவா?

தாழ்கைப்பிடி எழுதியது:

உங்கள் அக்கறை நியாயமானது. மருந்து வேலை செய்யும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. இப்போதே கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தவருக்கும் சக்கரம் பழுதானவருக்கும் அவர் எந்தக் குழுவில் இருந்தாரோ அந்தக் குழுவின் நேரமே கொடுக்கப்படுகிறது. சில கட்டங்களில் அதை 5 கிலோமீட்டர் வரை நீட்டவும் இடம் உண்டு. ஸ்பிரிண்ட் கட்டங்களில் சிறிய இடைவெளிகளைக் கணக்கில் கொள்ளாமல் விடும் தளர்வும் வந்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு நெரிசல் குறைந்ததா? எல்லோரும் அந்த 3 கிலோமீட்டர்ப் பலகையையே எல்லைக்கோடாக நினைத்து, அதை நோக்கி முண்டுகிறார்கள். கோட்டை நகர்த்தினால் சண்டையும் கூடவே நகர்கிறது.

இதற்குச் சாட்சி 2013-இல் கோர்சிகாத் தீவில் நடந்த தொடக்கக் கட்டம். ஆஸ்திரேலிய அணி ஒன்றின் பேருந்து, எல்லைக்கோட்டின் மேலிருந்த வளைவில் மாட்டிக்கொண்டு அசையவில்லை. வீரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். கட்டம் 3 கிலோமீட்டர் முன்பே முடியும் என்று வானொலியில் அறிவித்தார்கள். பிறகு பேருந்தின் சக்கரங்களில் காற்றை இறக்கிப் பின்னுக்கு இழுத்துவிட்டு, இல்லை, பழைய இடத்தில்தான் முடியும் என்றார்கள். அந்தக் குழப்பத்தின் நடுவே பெரிய விபத்து. கேவண்டிஷ், சாகன், கிரைப்பல் மூவரும் அந்த ஸ்பிரிண்டிலிருந்தே கழன்றார்கள், கிட்டல் வென்றார், கடைசியில் அனைவருக்கும் ஒரே நேரம் என்று தீர்ப்பாயிற்று. கோடு எங்கே என்பதுதான் கூட்டத்தின் நடத்தையை முடிவுசெய்கிறது. உங்கள் பத்து கிலோமீட்டர்க் கோட்டில், ஸ்பிரிண்டர்களும் மலையேறிகளுமாகச் சேர்ந்து ஒரு புதிய எல்லைக்கோட்டுச் சண்டையைப் பார்ப்போம். அது குறுகிய கிராமத்துச் சாலையில் நடக்கும் என்பது மட்டுமே வேறுபாடு. லீலிலோ விசிறி விரிந்தது 17-இல். உங்கள் விதி அன்று யாரையும் காப்பாற்றியிருக்காது.

விதிமீறலுக்கு எச்சரிக்கையாகத் தரும் மஞ்சள் அட்டை முறை 2025 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது; ஒரே பந்தயத்தில் இரண்டு வாங்கினால் வெளியேற்றமும் ஏழு நாள் தடையும். வேண்டுமென்றே இடிப்பவர்களை அது தடுக்கலாம். கொக்கார் வேண்டுமென்றா சாய்ந்தார்?

காற்றாடி எழுதியது:

கின்டானா விஷயத்தில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். 1 நிமிடம் 12 விநாடிக்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை. ஆனால் தலைப்புக் கேள்வியில் விடமாட்டேன். பின்சக்கரம் அவர்களே, இதை ஸ்பிரிண்ட் கட்டம் என்று அழைக்கக்கூடாது என்கிறீர்கள். கடைசி ஒரு கிலோமீட்டரை மறுபடி பாருங்கள். வான் டெர் பூல், குரோவ்ஸ் என்ற இரண்டு பேர், ஒருவர் தனியே நின்றாலே கட்டம் வெல்லக்கூடியவர்கள், பிலிப்சனுக்காகக் காற்றைக் கிழித்தார்கள். முன்னவரின் நிழலில் போவதால் செலவாகும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். அந்த மிச்சத்தையெல்லாம் சேர்த்துவைத்துக் கடைசி இருநூறு மீட்டரில், பத்துப் பதினொரு விநாடிக்குள், கொட்டித் தீர்ப்பதுதானே ஸ்பிரிண்ட்? அல்பெசின் அணி அதைச் செய்தது. கிர்மாய் முன்குழுவில்தான் இருந்தார். அவருக்கு அப்படி இழுத்துவிட அத்தனை பேர் இல்லை. நாற்பது பேர் இருந்தாலும் நூற்று எண்பது பேர் இருந்தாலும் அந்த இருநூறு மீட்டரின் சட்டம் ஒன்றுதான். காற்று தேர்வுக்கு யார் உட்காரலாம் என்பதை முடிவுசெய்தது, தேர்வு ஸ்பிரிண்டில்தான்.

பின்சக்கரம் எழுதியது:

தேர்வு எழுத வரும் வழியில் பாதிப் பேரின் பேருந்தை நிறுத்திவிட்டு, எழுதியவர்களில் முதல் மாணவர் இவர் என்பது போல இருக்கிறது. ஆனால் வழியைச் சரியாகத் தெரிந்துவைத்திருப்பதும் பாடத்திட்டத்தில் உண்டு என்று தாழ்கைப்பிடி சொல்வார். அவர் சொன்னால் எனக்கு மறுப்பு இல்லை. அந்த நாளை நேரில் பார்த்தவர்கள் யாரேனும் இங்கே இருக்கிறீர்களா? தொலைக்காட்சியில் இடைவெளியை எண்ணாகத்தான் பார்க்க முடிகிறது.

வடக்கு ரயில் எழுதியது:

நான் இருந்தேன். பாரிஸின் வடக்கு நிலையத்திலிருந்து ஒரு மணிநேர ரயில் பயணம்தான் லீல். பதினோரு மணிக்கே போய்க் கடைசிக் கிலோமீட்டரில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வீரர்கள் வருவதற்கு வெகுநேரம் முன்பே விளம்பர வண்டிகளின் ஊர்வலம் வந்து, தொப்பியையும் சாவிக்கொத்தையும் எறிந்துகொண்டே போனது. எனக்குக் கிடைத்தது ஒரு பொட்டலம் தொத்திறைச்சி. நான் இறைச்சி சாப்பிடுவதில்லை, பக்கத்திலிருந்த சிறுவனிடம் கொடுத்துவிட்டேன்.

பந்தயம் நெருங்குவதை முதலில் சொல்வது ஹெலிகாப்டர். அதன் பிறகு மோட்டார் சைக்கிள்கள், அதன் பிறகு தடுப்புக் கம்பியில் விளம்பரத் தட்டிகளை எல்லோரும் அடிக்கும் ஓசை தெருவின் அந்த முனையிலிருந்து அலையாகப் புரண்டு நம்மை நோக்கி வருகிறது. முன்குழு கடந்தபோது எந்த முகத்தையும் நான் பார்க்கவில்லை. நிறங்களும், சங்கிலிகள் எழுப்பிய ஒரு சீறலும், முகத்தில் அடித்த காற்றும்தான் நினைவில் இருக்கின்றன. மூன்று நான்கு விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பின் தெரு காலியாக இருந்தது. அதைத்தான் தொலைக்காட்சியில் காட்டுவதில்லை. அவர்கள் வந்த வேகத்துக்கு 39 விநாடிகள் என்றால் ஏறத்தாழ அறுநூறு மீட்டர் வெறும் சாலை. தட்டிகளின் ஓசை முன்குழுவோடு நம்மைத் தாண்டிப் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் யாரும் எதுவும் பேசவில்லை, எல்லோரும் கைப்பேசியைப் பார்த்தார்கள். எனக்கு இடப்பக்கம் நின்ற முதியவர் ஒருவர், பந்தயம் முடிந்தது என்று நினைத்துத் தன் மடக்கு நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் தெரு முனையில் மறுபடி ஓசை எழுந்தது. எவனபூலும் ரோக்லிச்சும் இருந்த குழு. இவர்கள் முகங்களைப் பார்க்க முடிந்தது, ஏனென்றால் இவர்களில் பலர் தலையை நிமிர்த்தி ஓட்டினார்கள். முதியவர் நாற்காலியோடு நின்றபடியே பார்த்தார். அவர்களுக்கும் பின்னால் இன்னும் சிறு சிறு கூட்டங்களாக வந்துகொண்டே இருந்தார்கள். அவர் நாற்காலியை மறுபடி விரிக்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை.